தமிழ் நேர்காணல்களை மென்பொருளில் குறியிட்டுப் பகுப்பாய்வு செய்யும் முறை

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோனபோது சென்னைக் குடும்பங்கள் தண்ணீருக்கு என்ன செய்தன என்பதை ஒருவர் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாசர்பாடியிலும் பெரும்பாக்கத்திலும் அவர் நேர்காணல்களைப் பதிவுசெய்து, அவற்றைக் கேட்டு எழுதி முடித்திருக்கிறார். சில நூறு பக்கங்கள் சேர்ந்துவிட்டன. இந்த நிலையில்தான் மென்பொருளின் நினைவு பலருக்கும் வருகிறது. கோப்புகளை உள்ளே போட்டால் முடிவுகள் வெளியே வரும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. குறியீடு என்பது, உரையின் ஒரு பகுதி எதைப் பற்றியது என்று காட்ட நாம் அதற்கு இடும் சிறு பெயர். உரையின் எந்தப் பகுதிக்கு எந்தக் குறியீட்டை இட்டோம் என்பதை நினைவில் வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதே இத்தகைய மென்பொருளின் அடிப்படை வேலை. எதற்குக் குறியீடு இடுவது, ஏன் இடுவது என்பதை முடிவுசெய்பவர் ஆய்வாளரே. தமிழ்த் தரவைப் பொறுத்தவரை, குறியிடத் தொடங்கும் முன் உரையைச் சீர்செய்வதில் செலவிடும் நேரமே பின்னால் அதிகம் பயன் தருகிறது.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நெடுநாள் தயங்க வேண்டியதில்லை. என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ ஆகிய மூன்றும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்த வேண்டியவை. உங்கள் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்றுக்கு உரிமம் வாங்கியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டேகெட், குவால்கோடர் என்ற இரண்டு திறந்த மூல மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. டேகெட் மிக எளிமையானது. ஆனால் உரைக் கோப்புகளை மட்டுமே கையாளும். குவால்கோடரில் படம், ஒலி, காணொளி ஆகியவற்றையும் குறியிடலாம். பங்கேற்பாளர்களின் வயது, பகுதி, தொழில் போன்ற விவரங்களையும் இணைக்கலாம். முனைவர் பட்ட அளவிலான ஆய்வுக்கு நான் பரிந்துரைப்பது குவால்கோடரையே. ரெஃபி-கியூடிஏ என்ற பொதுத் தரநிலையை ஏற்கும் மென்பொருளாக இருந்தால், பின்னாளில் வேறொன்றுக்கு மாற நேர்ந்தாலும் செய்த வேலை வீணாகாது.

எதைத் தேர்ந்தாலும், முதலில் ஒரே ஒரு தமிழ்ப் பக்கத்தை ஏற்றி முழுச் சுற்றையும் சோதித்துப் பாருங்கள். எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா, தேடல் வேலை செய்கிறதா, ஏற்றுமதி செய்த கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்டவணையாக ஏற்றுமதியாகும் சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரிவதுண்டு. தரவை இறக்கும் வசதியின் வழியே சென்று யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகிவிடும்.

இனி உரையைச் சீர்செய்வோம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான பக்கங்கள் இருந்தால் அனைத்தையும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியாக வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை வெறும் ரோமன் எழுத்துக் கோவைகளே. ஒருங்குறியிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றைத் தேடும்போது மற்றொன்று அகப்படாமல் போகலாம். இரண்டு மூன்று பேர் வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்திருந்தால் இது நேர வாய்ப்புண்டு. ஆகவே எல்லாக் கோப்புகளையும் நார்மலைசேஷன் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஏற்றுங்கள்.

பேசியதைப் பேசியபடியே எழுதுவதா, எழுத்து நடைக்கு மாற்றுவதா என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். பேசியபடி எழுதுவதே என் தெரிவு, ஏனெனில் ஒருவர் இழுத்துச் சொன்னதும் பாதியில் நிறுத்தியதும்கூடத் தரவுதான். நேர்காணலை முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டு, அந்த மொழிபெயர்ப்பில் குறியிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைத் தவிர்ப்பது நல்லது. தமிழ் உரையிலேயே குறியிட்டு, ஆய்வேட்டில் மேற்கோளாக எடுத்தாளும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

பெயர்களை மறைக்கும் வேலையும் ஏற்றுவதற்கு முன்பே முடிய வேண்டும். ஆளின் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் பிளாக் எண்ணும் மாடியும் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். இவற்றுக்குப் பதிலாக இட்ட புனைபெயர்களின் பட்டியலைத் தனியாக, கடவுச்சொல் இட்டு வைத்திருங்கள். எழுத்துப் பிழைகளையும் இப்போதே திருத்திவிட வேண்டும். பொதுவாக இம்மென்பொருள்கள் ஒரு குறியீட்டை ‘இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை’ என்றே பதிந்து வைக்கின்றன. குறியிட்ட பிறகு இடையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அதற்குப் பின்னுள்ள குறிகளெல்லாம் இடம் தள்ளிப்போகும் அபாயம் உண்டு.

குறியிடும் முறையை, இந்த வழிகாட்டிக்காக நான் புனைந்த ஒரு பகுதியைக் கொண்டு விளக்குகிறேன். “லாரி பத்து மணிக்கு வரும்னாங்க. வந்தப்போ ராத்திரி ரெண்டு. மறுநாளு நான் வேலைக்குப் போவ முடியல. பக்கத்து வூட்டு அக்காதான் ரெண்டு கொடம் புடிச்சி வெச்சாங்க.” இந்த நான்கு வாக்கியங்களில் ‘காத்திருப்பு’, ‘வேலை இழப்பு’, ‘அண்டை உதவி’ என மூன்று குறியீடுகளுக்கு இடமிருக்கிறது. ‘வேலை இழப்பு’ என்பதை மூன்றாம் வாக்கியத்துக்கு மட்டும் இட்டால், பின்னால் அதைத் தனியே எடுத்துப் படிக்கும்போது ஏன் வேலைக்குப் போகவில்லை என்பது விளங்காது. ஆகவே முதல் மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் குறியிட வேண்டும். ஒரே வரிக்கு இரண்டு குறியீடுகள் இருப்பதில் தவறில்லை. பங்கேற்பாளர் ‘ஆமா’ என்று மட்டும் சொல்லியிருந்தால், நீங்கள் கேட்ட கேள்வியையும் உள்ளடக்குங்கள்.

ஒவ்வொரு குறியீட்டுக்கும், குறியீடுகளின் பட்டியலான குறியீட்டேட்டில் வரையறை எழுதப்பட வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதோடு எதைச் சேர்க்கக்கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் குடத்துக்குப் பணம் வாங்கியிருந்தால் அது ‘அண்டை உதவி’யா, ‘விலைக்குத் தண்ணீர்’ என்ற வேறொரு குறியீடா? இத்தகைய எல்லைத் தகராறுகளை முடிவுசெய்யும்போதுதான் பகுப்பாய்வு உண்மையில் நடக்கிறது. முடிவையும் காரணத்தையும் அன்றைய தேதியிட்டு மெமோவில், அதாவது ஆய்வுக் குறிப்பில், எழுதிவிடுங்கள். முதல் நான்கைந்து நேர்காணல்களில் குறியீடுகள் கட்டுக்கடங்காமல் பெருகுவது இயல்பே. அதன் பிறகு ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றை இணையுங்கள். ஆனால் இணைத்ததைப் பிரிப்பது கடினம் என்பதால், அதற்கு முன் திட்டக் கோப்பின் நகலொன்றை எடுத்து வைப்பது கட்டாயம்.

சொல்லைத் தேடித் தானாகக் குறியிடும் வசதி கையை இழுக்கும். தமிழில் அதை மிகக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ ஆகியவை கிடைக்காது. ‘வீட’ என்று தேடினால், எழுத்துக் கோவையாகத் தேடும் மென்பொருளில் மூன்றுமே கிடைக்கும். அப்போதும் ‘வூட்டு’ கிடைக்காது. ‘தண்ண’ என்பது தண்ணீர், தண்ணி இரண்டையும் பிடித்துவிடும். குடத்தைத் தேடுவதற்காக ‘கொட’ என்று இட்டாலோ ‘கொடுத்தாங்க’வும் வந்து குவியும், ‘குட’ என்றால் குடும்பமும் குடியும் சேர்ந்து வரும். தேடலை ஒரு வாசிப்புப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவையும் படித்துக் கையால் குறியிடுவதே பாதுகாப்பானது. சொல் எண்ணிக்கைப் படங்களை நான் பொருட்படுத்துவதில்லை. வேற்றுமை உருபு ஏறிய ஒவ்வொரு வடிவத்தையும் தனிச் சொல்லாக எண்ணும் படம் எதையும் காட்டிவிடப் போவதில்லை.

குறியிட்டு முடித்தபின் மென்பொருளின் உண்மையான பலன் தெரியும். ‘காத்திருப்பு’ம் ‘வேலை இழப்பு’ம் ஒரே பகுதியில் சேர்ந்து வரும் இடங்களைக் கேட்டுப் பெறலாம், அவை கூலி வேலைக்குப் போகும் பெண்களிடம் மட்டும் வருகின்றனவா என்று பங்கேற்பாளர் விவரங்களோடு ஒப்பிடலாம். கிடைக்கும் அட்டவணையின் எண்களை அப்படியே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் ஒரே ஒருவர் வாய் ஓயாமல் பேசியிருந்தாலும் எண் கூடிவிடும். எண் பூஜ்யமாக உள்ள கட்டங்களையும் திறந்து பாருங்கள். லாரிக்குக் காத்திருந்தும் வேலையை இழக்காதவர் எப்படிச் சமாளித்தார் என்பதைப் படித்தால், உங்கள் விளக்கம் எங்கே இடறுகிறது என்பது தெரியவரும். இரண்டாம் நபர் ஒருவரும் குறியிட்டால் இருவருக்கும் உள்ள உடன்பாட்டைக் கப்பா என்ற புள்ளியியல் மதிப்பாகக் குவால்கோடர் கணக்கிட்டுத் தரும். ஆனால் அந்த மதிப்பைவிட, முரண்பட்ட பகுதிகளைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசுவது பயனுள்ளது.

கட்டண மென்பொருள்களில் இப்போது செயற்கை நுண்ணறிவு வசதிகளும் சேர்ந்துள்ளன. அவற்றை இயக்கும் முன், உரை எந்த சர்வருக்குப் போகிறது என்பதையும், நீங்கள் பெற்ற ஒப்புதல் படிவம் அதற்கு இடம் தருகிறதா என்பதையும் சரிபாருங்கள்.

ஆய்வேட்டின் முறையியல் இயலில் ‘இன்ன மென்பொருளால் பகுப்பாய்வு செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது. மென்பொருளின் பதிப்பு எண், யார் குறியிட்டார், எந்தக் கட்டத்தில் குறியீடுகள் இணைக்கப்பட்டன, தானியங்கித் தேடல் எங்கே பயன்பட்டது ஆகியவற்றை எழுத வேண்டும். குறியீட்டேட்டைப் பின்னிணைப்பாகச் சேர்த்து, தேர்வாளருக்குத் தமிழ் தெரியாதிருக்கக்கூடும் என்றால் ஒவ்வொரு குறியீட்டின் வரையறையையும் ஆங்கிலத்திலும் கொடுத்துவிடுங்கள்.