ரோலிங் டிப்ளோய்மென்ட்: அமைப்புக் கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையை நிறுத்தாமலே அதன் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு குபர்நெட்டீஸ், அமேசன் இசிஎஸ் போன்ற கிளவுட் தளங்கள் தரும் வழியே ரோலிங் டிப்ளோய்மென்ட். புதிய கொண்டெய்னர்கள் (நிரலும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதிகள்) சிலவற்றை ஏற்றி, அவை தயாரானதும் பழையவற்றில் சிலவற்றை இறக்கி, படிப்படியாக முழுவதையும் மாற்றி முடிப்பார்கள். இதில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தளத்தின் குறையால் வருவதில்லை. ஒரு கொண்டெய்னர் எப்போது வேலைக்குத் தயாராகிறது, எப்போது கையிலுள்ள வேலையை முடிக்கிறது என்பதைத் தளம் தானாக அறியாது. சேவையை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பில் நாம் எழுதியதை அது அப்படியே நம்பும். எழுதாமல் விட்ட இடத்தில் தன் இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதி அறைகளையும் படகுப் பயணங்களையும் பதிவு செய்யும் ஒரு சேவை குபர்நெட்டீஸில் 8 பொட்களாக (கொண்டெய்னரைத் தாங்கி ஓடும் அலகுகள்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே அதற்கு உச்சக் காலம். நிரல் எழுதுபவர்கள் திருகோணமலையில் இருந்தாலும் சேவை ஓடுவது மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள தரவு மையத்தில்.

மிக அதிகமாகக் காணப்படும் தவறு, கோரிக்கைகளை ஏற்கப் பொட் தயாரா என்று சோதிக்கும் ரெடினஸ் புரோப் எழுதாமல் விடுவது. அது இல்லாவிட்டால், கொண்டெய்னரின் செயல்முறை தொடங்கிய கணமே பொட் தயார் என்று குபர்நெட்டீஸ் கணக்கிட்டுவிடும். நமது சேவை தரவுத்தளத்துடன் இணைந்து, விலைப்பட்டியலை நினைவகத்தில் ஏற்றி முடிக்க 20 விநாடி எடுக்கும் என்றால், அந்த 20 விநாடியும் வாடிக்கையாளரின் கோரிக்கைகள் பதில் சொல்ல முடியாத பொட்டிடம் போய்ச் சேரும். அதே வேளையில், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பழைய பொட்கள் இறக்கப்பட்டுக்கொண்டிருக்கும். புரோப் எழுதியவர்களிலும் பலர், எப்போதும் 200 (எல்லாம் சரி என்ற குறியீடு) என்று பதில் தரும் வெற்று முகவரி ஒன்றைக் காட்டிவிடுகிறார்கள். அந்த முகவரி, உண்மையான கோரிக்கை ஒன்றை ஏற்கத் தேவையானவை எல்லாம் கைவசம் வந்த பின்னரே ஆம் என்று சொல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறு, அதே முகவரியை, கொண்டெய்னர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லைவ்னஸ் புரோப்புக்கும் கொடுத்துவிடுவது. லைவ்னஸ் தவறினால் கொண்டெய்னர் மறுதொடக்கம் செய்யப்படும். 10 விநாடிக்கு ஒருமுறை சோதனை, பதிலுக்கு 1 விநாடி அவகாசம், அடுத்தடுத்து 3 முறை தவறினால் நடவடிக்கை என்பவை இயல்பு மதிப்புகள். எனவே தரவுத்தளம் அரை நிமிடம் மந்தமானாலே 8 பொட்களும் ஏறக்குறைய ஒன்றாக மறுதொடக்கமாகி, சிறிய தடங்கல் ஒன்று முழுச் செயலிழப்பாகிவிடும். செயல்முறை உறைந்துபோனதா என்பதை மட்டுமே லைவ்னஸ் பார்க்கட்டும். எழுந்து நிற்க நேரம் எடுக்கும் சேவைகளுக்கு ஸ்டார்ட்அப் புரோப் தனியாக உண்டு. தயாரான பொட் எவ்வளவு நேரம் நிலைத்து நிற்க வேண்டும் என்று சொல்லும் மின்ரெடிசெக்கன்ட்ஸ் மதிப்பும் இயல்பில் 0. அதை 15 அல்லது 20 ஆக உயர்த்தினால், எழுந்து சில விநாடியில் விழும் பதிப்பு முதல் சுற்றிலேயே பிடிபடும்.

தொடக்கத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நிறுத்தத்துக்குக் காட்டாதவர்கள் பலர். வாடிக்கையாளர் இழப்பை நேரடியாக உணர்வது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பொட் ஒன்றை இறக்கும்போது அதற்கு நிறுத்தச் சொல்லும் சிக்டேர்ம் சமிக்ஞை போவதும், சேவையின் முகவரிப் பட்டியலிலிருந்து அது நீக்கப்படுவதும் ஒன்றையொன்று எதிர்பார்க்காமல் சமாந்தரமாக நடக்கின்றன. நீக்கப்பட்ட செய்தி எல்லா நோடுகளுக்கும் (பொட்கள் ஓடும் கணினிகள்) போய்ச் சேருமுன் செயல்முறை மூடிக்கொண்டால், அந்த இடைவெளியில் வரும் கோரிக்கைகள் பூட்டிய கதவில் மோதும்: நிலாவெளியில் அறை எடுத்து, அட்டை எண்ணை இட்டு, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியவருக்குப் பிழைச் செய்திதான் கிடைக்கும். பணம் போனதா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, விடுதிக்காரருக்கும் தெரியாது. நிறுத்துமுன் செய்ய வேண்டியதைச் சொல்லும் பிரிஸ்டொப் பகுதியில் 5 முதல் 10 விநாடி வரை காத்திருக்கச் சொல்வதே இதற்குப் பழகிய தீர்வு. ஆனால் அந்தக் காத்திருப்பும் நிறுத்தத்துக்கு இயல்பில் உள்ள மொத்த அவகாசமான 30 விநாடிக்குள் அடங்கும். அவகாசம் தீர்ந்ததும் சிக்கில் என்ற கட்டாய நிறுத்தச் சமிக்ஞை வந்து எல்லாவற்றையும் வெட்டிவிடும். கட்டண நுழைவாயிலின் பதிலுக்கு 40 விநாடி காத்திருக்கக்கூடிய சேவைக்கு 30 விநாடி போதாது.

இன்னொரு நுணுக்கம், கொண்டெய்னரை உருவாக்கப் பயன்படும் டொக்கர் கோப்பில் இருக்கிறது. தொடக்கக் கட்டளையைப் பட்டியல் வடிவில் எழுதாமல் வெறும் வரியாக எழுதினால் அது, கட்டளைகளை ஓட்டும் ஷெல் ஒன்றின் கீழ் ஓடக்கூடும். அந்த ஷெல் சிக்டேர்மை உள்ளேயுள்ள நிரலுக்குக் கடத்தாது. நிரலில் நேர்த்தியாக எழுதிய நிறுத்தக் குறியீடு ஒருநாளும் இயங்காமலே கிடக்கும்.

இசிஎஸ்ஸில் ஒழுங்கு வேறு. அங்கே முதலில், கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பலன்சரிலிருந்து விலக்கிய பின்னரே சமிக்ஞை போகும். ஆனால் விலக்கும் அவகாசம் இயல்பில் 300 விநாடி என்பதால், கோரிக்கைகள் சில விநாடிகளில் முடியும் சேவையிலும் பதிப்பு மாற்றம் வீணாக இழுபடும். அதைக் குறைத்து எழுதலாம்.

அடுத்தது கணக்கு. மாற்றத்தின்போது எத்தனை பொட்கள் மேலதிகமாக ஓடலாம் என்று சொல்லும் மெக்ஸ்சேர்ஜ், எத்தனை குறையலாம் என்று சொல்லும் மெக்ஸ்அனவெய்லபிள் ஆகிய இரண்டும் இயல்பில் 25 சதவீதம். முன்னது மேல்நோக்கியும் பின்னது கீழ்நோக்கியும் முழு எண்ணாக்கப்படும். 8 பொட்களுக்கு இதன் பொருள், மாற்றத்தின்போது 6 மட்டுமே வேலை செய்யலாம், 10 வரை ஓடலாம் என்பதே. உச்சக் காலத்தில் 6 பொட்களால் சுமையைத் தாங்க முடியாவிட்டால் மெக்ஸ்அனவெய்லபிளை 0 ஆக்க வேண்டும். அப்போது மேலதிகப் பொட்களுக்கு நோடுகளில் இடம் இருக்க வேண்டும். டொலர் செலவைக் குறைக்க இடைவெளியே இல்லாமல் நோடுகளை நிரப்பியிருந்தால் புதிய பொட் எழும்ப இடமின்றிக் காத்துக்கிடக்கும்.

இதே கணக்கைத் தரவுத்தளப் பக்கமும் போட வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புகளை ஏற்கும். அவற்றில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. பொட் ஒன்றுக்கு 10 இணைப்பு என்றால் சாதாரண நாளில் 80. பதிப்பு மாறும்போது 10 பொட்கள், 100 இணைப்புகள், இருப்பதோ 97. போதாக்குறைக்கு, இறக்கப்பட்டு இன்னும் மூடிக்கொண்டிருக்கும் பொட்கள் இயல்பாக அந்த 10இல் சேர்வதில்லை. அவையும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடும் சேவை பதிப்பு மாற்றும் ஐந்து நிமிடத்தில் மட்டும் பிழை தருகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

பழையதும் புதியதும் ஒரே தரவுத்தளத்தின் மீது ஒன்றாக ஓடும் என்பதை மறந்து செய்யும் மாற்றங்களே மிக ஆபத்தானவை. விடுதி அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் (கொலம்) பெயரை மாற்றிவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றினால், இன்னும் இறங்காத பழைய பொட்கள் அத்தனையும் இல்லாத நெடுவரிசையைத் தேடித் தோற்கும். புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதும் பதிப்பு ஒன்று, பழைய தரவைப் பெயர்த்த பின் புதியதை மட்டும் பயன்படுத்தும் பதிப்பு ஒன்று, பழைய நெடுவரிசையை நீக்குவது கடைசியில் என்று பிரித்துச் செய்ய வேண்டும். மெதுவானதுதான், ஆனால் ஒவ்வொரு படியிலிருந்தும் முந்தைய படிக்குத் திரும்பலாம்.

நள்ளிரவில் செய்தால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. கோடையில் நமக்கு நள்ளிரவாகும்போது ஜேர்மனியில் இரவு எட்டரை மணி. பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் உட்கார்ந்து பதிவு செய்யக்கூடிய நேரம் அது. ஊரின் நேரத்தைப் பார்க்காமல் சேவையின் கோரிக்கை வரைபடத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். மாரி காலத்தில் மின்சாரம் நின்று மடிக்கணினியின் இணைப்பு அறுந்தாலும், ஏற்கெனவே அனுப்பிய டிப்ளோய்மென்ட் கிளஸ்டருக்குள் (நோடுகளின் தொகுதி) தொடர்ந்து நடக்கும். பதறி இன்னொன்றை அனுப்பத் தேவையில்லை. மடிக்கணினியிலிருந்தே ஓடவிட்ட தரவுப் பெயர்ப்பு ஸ்கிரிப்ட் மட்டும் பாதியில் நிற்கும். அதனால் அதைக் கிளஸ்டருக்குள் ஒரு ஜொப் (ஒருமுறை ஓடி முடியும் வேலை) ஆக ஓட்டுவதே பாதுகாப்பு.

முன்னேற்றத்துக்கான 600 விநாடி கெடு தாண்டினால் குபர்நெட்டீஸ் தானாகப் பழைய பதிப்புக்குத் திரும்பும் என்று நம்புவோரும் உண்டு. அது தோல்வி என்று குறித்துவைக்கும், அவ்வளவுதான். முந்தைய பதிப்புக்குத் திருப்பும் ரோல்அவுட் அண்டூ கட்டளையை நாமோ, பதிப்பைத் தானாக ஏற்றும் நமது பைப்லைனோ கொடுக்க வேண்டும். இசிஎஸ்ஸில், தோல்வியைக் கண்டு மாற்றத்தை நிறுத்தும் சேர்கிட் பிரேக்கரையும் அதன் ரோல்பெக் தெரிவையும் இயக்கி வைத்தால் அது தானாகத் திரும்பும். எந்தத் தளமானாலும், கொண்டெய்னர்களின் மூலப் பொதியான இமேஜ்களுக்கு லேட்டஸ்ட் என்ற ஒரே குறிச்சொல்லை இட்டிருந்தால், திரும்பிப் போகும் இடத்திலும் அதே பழுதான இமேஜ்தான் இறங்கும். நிரல் மாற்றம் ஒவ்வொன்றையும் குறிக்கும் கொமிட் எண்ணையோ பதிப்பெண்ணையோ குறிச்சொல்லாக இட்டு, அண்டூ கட்டளையை உச்சக் காலம் தொடங்குமுன் ஒருமுறை சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.