அடிநாதம் கெடாமல் பெடல் மிதிப்பது எப்படி?

பொழுதுபோக்காக இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே பெரும்பாலோருக்கு, காலால் மிதித்து ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடல்களின் மீது ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் கிட்டாருக்காகச் செய்யப்பட்ட பெடல்களையும் கிட்டாருக்காகச் சொல்லப்பட்ட யோசனைகளையும் அப்படியே பேஸுக்குப் பொருத்துகிறவர்கள், ஒலிக்கு நிறம் சேர்க்கப் போய்க் குழுவின் அடித்தளத்தையே இழந்துவிடுகிறார்கள். எந்தப் பெடலை மிதித்தாலும் கீழ்ஸ்தாயி அசையாமல் நிற்க வேண்டும், மாற்றம் அதற்கு மேலேதான் நிகழ வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வலியுறுத்தப் போவது.

இதை நான் ஓர் ஒத்திகையில்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக வாங்கிய, ஒலியைச் சிதைத்து முரடாக்கும் ஃபஸ் பெடலை ஒரு வாரம் வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்து, அதன் உறுமலில் மயங்கிப்போய், ஒத்திகையில் பல்லவி திரும்பும் இடத்தில் அதை மிதித்தேன். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த நண்பர் தலையை நிமிர்த்தி என் கைகளைப் பார்த்தார். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன் என்று நினைத்தாராம். அன்றைய பதிவைக் கேட்டபோது அவர் நினைத்தது சரியென்றே பட்டது. என் ஒலி முழுவதும் கிட்டாரின் இரைச்சலுக்குள் கரைந்துபோயிருந்தது. பாடல் உச்சத்தைத் தொட வேண்டிய இடத்தில் கிக் டிரம் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

இதற்கான காரணம் எளிமையானது. நான்கு தந்தி பேஸின் திறந்த ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. கிட்டாரின் மிகத் தடித்த தந்தியோ 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆகவே கிட்டாருக்கென வடிவமைக்கப்பட்ட பெடல்களில் பல, தமக்குத் தேவையில்லாத தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டிவிடுகின்றன. அந்த வடிகட்டலில் கிட்டார்காரர் எதையும் இழப்பதில்லை. நாம் நம் இருப்பையே இழக்கிறோம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. அடிப்படை அதிர்வெண் பலவீனமாக இருந்தாலும், அதன் மேலே ஒலிக்கும் 82, 123, 164 ஹெர்ட்ஸ் போன்ற மேல்சுரங்களைக் கொண்டு நம் காது அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. அமைதியான அறையில் அந்த ஊகம் போதும். டிரம்ஸும் இரண்டு கிட்டார்களும் முழங்கும் அறையில் அது போதாது.

பெடலுக்கு முன்னால் கை

பெடல் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடிகளுக்கு வைத்து, ஒரே சுரத்தை இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு மீட்டலும் ஒரே வலிமையில் விழுகிறதா, ஒவ்வொரு சுரமும் ஒரே அளவு நீள்கிறதா என்று கேளுங்கள். சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பலரும் கவனிக்கிறார்கள். எங்கே முடிகிறது என்பதைச் சிலரே கவனிக்கிறார்கள். ஸ்நேர் டிரம் விழும் கணத்தில் உங்கள் சுரத்தை அடக்கிவிட்டால், அதே பாடல் இன்னும் இறுக்கமாக ஒலிப்பதை உடனே உணரலாம். வாசிக்காத தந்திகளை வலது கைக் கட்டைவிரலாலும் இடது கை விரல்களாலும் தொட்டு அடக்கிவைக்கும் பழக்கமும் இப்போதே வர வேண்டும். ஏனென்றால் பெடல்கள் உங்கள் வாசிப்பைப் பெரிதாக்கும்போது, தற்செயலாக அதிரும் தந்தியின் முனகலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

வரிசை

பெடல்களை எந்த வரிசையில் இணைப்பது என்பதற்கு இறுதியான விதி எதுவும் இல்லை. ஆனாலும் தொடங்குவதற்கு ஒரு வரிசை வேண்டும். டியூனர் முதலில் நிற்கட்டும். அதை மிதித்தால் ஒலி முழுவதும் அடங்கிவிடும் என்பதால் பாடல்களுக்கு இடையே சுருதி சேர்க்கவும், கேபிளைக் கழற்றி மாட்டவும் உதவும். அதையடுத்து ஆக்டேவ் (கீழ்ஸ்தாயிச் சுரத்தைச் சேர்ப்பது), பிறகு என்வலப் ஃபில்டர் (மீட்டலுக்கேற்ப ஒலியின் நிறத்தை மாற்றுவது), பிறகு கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), பிறகு ஃபஸ் அல்லது அதைவிட மென்மையாகச் சிதைக்கும் ஓவர்டிரைவ், கடைசியில் கோரஸ் (ஒலியை இரட்டித்தது போலக் காட்டுவது), டிலே (எதிரொலி) போன்றவை. ஆக்டேவ் பெடலுக்கு வேறு எதுவும் கலக்காத தூய சுரம் வேண்டும். இல்லையென்றால் அது சுரத்தைப் பின்தொடர முடியாமல் தடுமாறும். என்வலப் ஃபில்டர் நீங்கள் எவ்வளவு அழுத்தி மீட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்தே திறந்து மூடுகிறது. கம்ப்ரஸர் முன்னால் நின்று ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்திவிட்டால், பின்னால் நிற்கும் ஃபில்டருக்கு வேலை இருக்காது. பலரும் கம்ப்ரஸரை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். ஃபில்டர் இல்லாதவர்களுக்கு அது பொருந்தும். ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இரண்டையும் இடம் மாற்றி வாசித்துப் பார்த்தால் வேறுபாடு ஒரே நிமிடத்தில் விளங்கும்.

முதலில் ஒரே ஒரு பெடல்தான் வாங்க முடியும் என்றால், டியூனருக்கு அடுத்ததாகக் கம்ப்ரஸரையே நான் பரிந்துரைப்பேன். அது கவர்ச்சியான கருவி அல்ல. ஒழுங்காக அமைத்துவிட்டால் அது இயங்குவதே தெரியாது. விகிதத்தை 4:1 என்று வைத்தால், நீங்கள் குறித்த எல்லையை ஒலி 4 டெசிபெல் மீறும்போது 1 டெசிபெல் மட்டுமே வெளியே வரும். கம்ப்ரஸர் செயல்படத் தொடங்க எடுக்கும் அட்டாக் நேரத்தைச் சற்று நீட்டி, 30 மில்லிசெகண்டுக்கு அருகில் வைத்தால் விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் துடிப்பு தப்பித்து வெளியே வந்துவிடும். மிகக் குறுகிய அட்டாக் அந்தத் துடிப்பை நசுக்கி, பஞ்சுக்குள் வாசிப்பது போன்ற ஒலியைத் தரும்.

ஃபஸ்ஸும் ஓவர்டிரைவும்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் நேர்கிறது என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 1965ஆம் ஆண்டிலேயே பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒரு பாடலுக்கு ஃபஸ் பேஸ் வாசித்தார். அந்தப் பாடலில் ஃபஸ் ஒலி தனித்து நிற்கவில்லை. வழக்கமான பேஸ் ஒன்று கீழே ஓடிக்கொண்டிருக்க, ஃபஸ் பேஸ் அதன் மேல் தனியாகப் பதிவு செய்யப்பட்டது. மேடையில் நமக்கு இருப்பது இரண்டு கைகள்தான் என்பதால், அதே காரியத்தை மின்சுற்றைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும்.

அதற்கான குமிழ், பேஸுக்கென்றே செய்யப்பட்ட பல பெடல்களில் பிளெண்ட் என்ற பெயரில் இருக்கிறது. அது உங்கள் தூய ஒலியையும் சிதைந்த ஒலியையும் வேண்டிய அளவில் கலந்து தருகிறது. முதலில் பிளெண்ட் குமிழை முழுவதும் தூய ஒலியின் பக்கம் திருப்பிவையுங்கள். குழுவோடு வாசித்துக்கொண்டே சிறிது சிறிதாகச் சிதைந்த ஒலியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடிநாதம் மெலியத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் குமிழைச் சற்றே பின்னால் திருப்பி நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது பாதிக்கு அருகில் வரும். பிளெண்ட் வசதி இல்லாத பெடல் உங்களிடம் இருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் பெடலுக்குள் அனுப்பி, மீண்டும் ஒன்றுசேர்க்கும் தனிப் பெட்டிகள் கிடைக்கின்றன. சேர்த்த பிறகு ஒலி முன்பைவிட மெலிந்துவிட்டால், பெடல் அலையைத் தலைகீழாகத் திருப்பித் தருகிறது, இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். அந்தப் பெட்டியில் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள்.

சிதைவின் அளவைக் கூட்டும் கெயின் குமிழைப் பொறுத்தவரை, தேவை என்று நீங்கள் நினைப்பதில் பாதி போதும். கடிகாரத்தின் முள்ளாக எண்ணிக்கொண்டால், தனியாக வாசிக்கும்போது 2 மணி நிலையில் இனிக்கும் ஒலி, குழுவுக்குள் 10 மணி நிலையில்தான் தெளிவாகக் கேட்கும். கெயின் கூடக்கூட ஒலி தட்டையாகி, விரல் தொடும் துடிப்பு மறைகிறது; தாளத்தை ஏந்தி நிற்பதே அந்தத் துடிப்புதான். பெடல் அணைந்திருக்கும்போதும் இயங்கும்போதும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி வால்யூமை அமைப்பதும் முக்கியம். காதுக்குச் சத்தமானதெல்லாம் சிறந்ததாகவே தோன்றும் என்பதால், இந்தச் சமநிலை இல்லாமல் எந்தப் பெடலைப் பற்றியும் நியாயமாக முடிவு சொல்ல முடியாது.

மற்றவை

ஆக்டேவ் பெடல் நீங்கள் வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைச் சேர்க்கிறது. திறந்த ஈ தந்தியில் அதை மிதித்தால் 20 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஓர் அதிர்வு உருவாகும். அது மனிதச் செவியின் எல்லை, பெரும்பாலான ஸ்பீக்கர்களால் எட்ட முடியாத இடமும் கூட. டி தந்தியின் 2ஆவது ஃப்ரெட்டில் 82 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. அதற்குக் கீழ் ஸ்தாயி 41 ஹெர்ட்ஸ், அதாவது உங்கள் திறந்த ஈ தந்தியே. ஆகவே ஆக்டேவ் இயங்கும்போது கையை மேல் ஃப்ரெட்டுகளுக்கு நகர்த்தி, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வாசியுங்கள். 1982இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓசி-2 இன்றும் தேடப்படுவதற்குக் காரணம், அது தரும் அடர்ந்த, சின்தசைஸர் போன்ற ஒலிதான்.

என்வலப் ஃபில்டரில் சென்சிட்டிவிட்டி குமிழை அமைக்கும்போது, பாடலில் வரும் மிக மென்மையான மீட்டலையும் மிக வலிய மீட்டலையும் மாறிமாறி வாசியுங்கள். மென்மையானதில் ஃபில்டர் திறக்காமலும், வலியதில் முழுவதும் திறந்தும் இருந்தால் அமைப்பு சரி. கோரஸும் டிலேயும் கீழ்ச்சுரங்களைக் கலங்கடிப்பவை. தாழ்ந்த அதிர்வெண்களைத் தொடாமல் விடும் வசதி உள்ளவையாகப் பார்த்து வாங்குங்கள். டிலேயின் நேரத்தைக் கணக்கிட 60,000ஐ நிமிட அடிகளால் வகுத்தால் போதும். 100 அடிகள் என்றால் 600 மில்லிசெகண்ட். பெரிய கூடத்தில் ஒலிப்பது போன்ற முழக்கத்தைத் தரும் ரிவெர்பை டிரம்ஸ் ஓய்ந்திருக்கும் முன்னிசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில், நடுமுனை எதிர்முனையாக இயங்குகின்றன; விதிவிலக்குகள் உண்டு என்பதால் பெடலின் மேல் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். டிஜிட்டல் பெடலையும் ஃபஸ்ஸையும் ஒரே வயரில் கிளைபிரித்து இணைத்தால் மெல்லிய கீச்சொலி வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை அதைத் தீர்க்கும். ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஒத்திகையில் சோதிப்பது

ஒரு ஒத்திகைக்கு ஒரு புதிய பெடல், ஒரு பாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பாடலைப் பெடல் இல்லாமலும் பெடலோடும் அடுத்தடுத்து வாசித்து, அறையின் நடுவில் வைத்த கருவியில் பதிவு செய்து, பின்னர் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டு முடிவுக்கு வர வேண்டாம். கேட்கும்போது உங்கள் ஒலியைத் தேடாமல் கிக் டிரம்மைக் கவனியுங்கள். பெடல் இயங்கும் பகுதியில் கிக் டிரம் தனித்துப்போய் ஒலித்தால், கீழே நீங்கள் இல்லை. ஆம்ப்ளிஃபையரை அறையின் மூலையில் வைத்தால் கீழ்ஸ்தாயி மிகையாக வீங்கித் தெரியும் என்பதால், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். ஒலி தெளிவில்லை என்று தோன்றினால் பேஸ் குமிழைக் கூட்டும் முன் 250 ஹெர்ட்ஸ் பகுதியைச் சிறிது குறைத்து, 700 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சிறிது கூட்டிப் பாருங்கள். கிட்டார் வாசிப்பவரிடம் அவருடைய பேஸ் குமிழைக் குறைக்கச் சொல்லவும் தயங்க வேண்டாம்; தனியாகக் கேட்டால் அவர் ஒலி மெலிந்ததாகத் தோன்றும், குழுவாகக் கேட்டால் இருவருமே தெளிவாவீர்கள்.

பிடித்த அமைப்பு கிடைத்ததும் குமிழ்களின் நிலையைப் புகைப்படம் எடுத்துவைத்து, பெடலின் மேல் சிறு டேப் துண்டுகளில் அடையாளமும் இட்டுவிடுங்கள். மேடைக்குப் போகும்போது, முடிந்தால் பெடல்களுக்கு முன்பிருந்து ஒரு டிஐ பெட்டி (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) வழியாகத் தூய சிக்னலையும், பெடல்களுக்குப் பின்பிருந்து இன்னொன்றையும் ஒலிப்பொறியாளருக்குக் கொடுங்கள். ஒலிச்சோதனையின்போது உங்கள் மிக மென்மையான பகுதியையும், எல்லாப் பெடலும் இயங்கும் மிகச் சத்தமான பகுதியையும் அவரிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிடுங்கள்.