கோடைக் காய்கறி: வெயில் முற்றுவதற்குள் செய்ய வேண்டியவை

கோடைத் தோட்டத்தில் பாதி வேலை விதை போடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வெயில் இன்னும் உச்சத்துக்குப் போகாத இந்தச் சில வாரங்களில் வேர் ஆழமாக இறங்கிவிட்டால் செடி தாக்குப்பிடிக்கும். தள்ளிப்போட்டு விதைத்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மதியமானால் வாடித்தான் நிற்கும்.

1. மண் பதம் பாருங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள், ஈரத்தோடு கொத்திய மண் காய்ந்ததும் கட்டிகட்டியாக இறுகிவிடும். சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்குக் குறையாமல் மக்கிய தொழு உரம் கலந்துவிடுங்கள். மக்காத சாணம் வேண்டாம், வேர்ப்புழுவும் களை விதையும் அதோடு சேர்ந்தே வரும்.

2. பயிரைத் தேர்ந்தெடுங்கள். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, வெள்ளரி, பாகல், பீர்க்கு எல்லாம் சூட்டைத் தாங்கும். தக்காளிக்குப் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும், அதனால் முதல் தடவை அதில் இறங்காதீர்கள். ஒரு பாத்தியில் தண்டுக்கீரை தூவிவிடுங்கள். 25 நாளில் இளசாகப் பறிக்கலாம், மற்றவை காய்க்கும்வரை தெம்பாக இருக்கும்.

3. விதைப்பு. வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில், குழிக்கு இரண்டாகப் போடுங்கள். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. பாகல் விதையின் தோல் கெட்டி, நகவெட்டியால் நுனியை லேசாகக் கிள்ளிவிட்டு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். முளைத்த பிறகு நோஞ்சானாக இருப்பதைப் பிடுங்காமல் கத்தரியால் நறுக்குங்கள், பக்கத்துச் செடியின் வேர் அசையாது.

4. தண்ணீரும் மூடாக்கும். என்னைக் கேட்டால் இதுதான் மொத்தத் தோட்டமும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே படரும், அப்புறம் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் செடி துவண்டுவிடும். மாறாக, அதிகாலையில் வேர்ப்பகுதியில் நின்று நிதானமாக ஊற்றுங்கள். மறுநாள் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடலாம். நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். வெயில் கொளுத்தும் மதியத்தில் அந்த மூடாக்கைக் கொஞ்சம் விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள், அடியில் மண் குளிர்ந்து, கறுத்து, ஈர வாசனையோடு இருக்கும். பக்கத்தில் வெறும் மண் கையைச் சுடும்.

5. கொடிப் பயிரின் பூக்கள். பந்தலில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெண் பூவுக்கு அடியில் விரல்நுனி அளவு குட்டிக் காய் ஒட்டியிருக்கும். அது மஞ்சளாகிச் சுருங்கினால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள், அப்போது ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். வெள்ளரி, பாகல் பூக்கள் காலையில் விரியும், பீர்க்கும் சுரையும் சாயங்காலம்தான், அதனால் நேரம் பார்த்துப் போங்கள்.

6. பூச்சி. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈ அங்கேதான் இருக்கும். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகு தெளியுங்கள்.

7. பறிப்பு. விதைத்த 45 முதல் 50 நாளில் வெண்டை வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள், நுனியை ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்ப் புதுப் பூ குறையும், ஆகவே சமைக்க முடியாத காயானாலும் பறித்துவிடுங்கள். விதைக்கு வேண்டுமென்றால் நல்லதாக ஒரு செடியில் மட்டும் கயிறு கட்டி அடையாளம் வைத்து, அதன் காய்களைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.