வெளியூர் போகும்போது பூனையை, நாயை எங்கே விடுவது?

பெரும்பாலான பூனைகளுக்குப் பழகிய இடம்தான் தெம்பு. ஆகவே செல்லப்பிராணிகளைத் தங்க வைக்கும் காப்பகத்துக்குத் தூக்கிச் செல்வதைவிட, நம்பிக்கையான ஒருவர் தினமும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வதே நல்லது. வருகிறவர் உணவை நிரப்பிவிட்டுப் போனால் போதாது. நேற்று வைத்தது குறைந்திருக்கிறதா, பூனை கழிக்கும் மணல் தட்டில் சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால் அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மருத்துவரின் எண்ணை எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழகும் குணமுள்ள நாய்க்குக் காப்பகம் ஒத்துவரும். ஆனால் தடுப்பூசிச் சான்று கேட்காத இடம் வேண்டவே வேண்டாம். உங்களிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்க மாட்டார்கள். நீண்ட பயணத்துக்கு முன் ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள்.