பாலைவன கோல்ஃப்: பந்தை அடிப்பதற்கு முன்பே நேரும் தவறுகள்

பசுமையான மைதானங்களில் ஆடிப் பழகிய ஒருவர் முதன்முறையாகப் பாலைவன மைதானத்தில் ஆடும்போது ஸ்கோர் (அடிகளின் எண்ணிக்கை, குறைவதே நல்லது) எகிறிவிட்டால், அதற்கு அவருடைய வீச்சில் உள்ள குறை காரணமாக இருப்பது அரிது. ஃபேர்வேக்கு (குழியை நோக்கிச் செல்லும், குட்டையாக வெட்டப்பட்ட புல் பாதைக்கு) வெளியே கிடக்கும் பாலை நிலத்தை உயரமாக வளர்ந்த புல்லுக்குச் சமமாக எண்ணி, அங்கும் வழக்கமான முடிவுகளையே எடுப்பதுதான் பெரும்பாலும் காரணமாகிறது.

இம்மைதானங்களின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நேராமல் போகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கேர்ஃப்ரீ என்னும் ஊரில் 1962-இல் திறக்கப்பட்ட டெசர்ட் ஃபாரஸ்ட், இயற்கையான பாலை நிலத்தை அழிக்காமல் அதன் நடுவே ஃபேர்வேக்களை அமைத்த முன்னோடி மைதானமாகும். பின்னர் நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு, ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதிய மைதானங்கள் நீர்பாய்ச்சும் புல்வெளியின் பரப்பு ஏறத்தாழ 90 ஏக்கருக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தபோது, டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்; தூரம் வேறுபடும் பல டீக்கள் இருக்கும்) ஒரு புல் திட்டுக்கும் அங்கிருந்து கிரீனுக்கும் (குழி அமைந்த மென்புல் திட்டு) பந்தைத் தாவச் செய்யும் அமைப்பே பொது வழக்கமாயிற்று. ஆகவே இங்கே பந்து தரையில் எவ்வளவு தூரம் உருளும் என்பதை விட, காற்றில் எவ்வளவு தூரம் பறக்கும் என்பதே முக்கியம். டிரைவரில் (மிகத் தொலைவுக்கு அடிக்கும் மட்டையில்) 220 யார்டு அடிப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களில் பலருக்கு அந்தக் கணக்கில் உருண்ட தூரமும் சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணை நம்பி, 200 யார்டு பாலையைத் தாண்ட வேண்டிய டீயைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. பந்து பறக்கும் தூரத்தை மட்டும் கணக்கில் கொண்டு டீயைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

அடுத்தது கண்ணை நம்புவது. வறண்ட காற்றில் தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரிவதாலும், கிரீனுக்குப் பின்னால் மலை நிற்பதாலும், இலக்கு உண்மையில் இருப்பதை விட அருகில் இருப்பதாகத் தோன்றும். இரு புறமும் பழுப்பு நிலம் சூழ்ந்திருப்பதால் ஃபேர்வேயும் குறுகலாகத் தெரியும். ஆனால் பல மைதானங்களில் அது தாராளமான அகலம் கொண்டது. தூரத்தைக் கருவியிலோ அட்டையிலோ பார்த்து முடிவு செய்வதே நல்லது. வெப்பநிலையும் இதில் சேரும். குளிர்காலத்தில் பாலைவனத்தின் அதிகாலை உறைபனி படியும் அளவுக்குக் குளிர்ந்து, ஆட்டம் தொடங்குவதே தள்ளிப்போவதுண்டு. அதே நாள் நண்பகலில் இதமான வெயில் அடிக்கும். குளிர்ந்த காற்றில் பந்து குறைவான தூரமே செல்லும் என்பதால், முதல் குழியில் சரியாக இருந்த மட்டை ஒன்பதாவது குழியில் அதிகமாகிவிடும்.

அதிக இழப்பைத் தருவது விதிகளைப் பற்றிய அறியாமை. பாலை நிலம் எல்லா மைதானங்களிலும் ஒரே தகுதி உடையதன்று. சில மைதானங்கள் அதைச் சிவப்புக் குச்சிகளால் குறித்து பெனால்டி ஏரியாவாக (தண்டனை அடியுடன் பந்தை வெளியே எடுத்து ஆடக்கூடிய பகுதியாக) அறிவித்திருக்கும். வேறு சில எந்த அடையாளமும் இடாமல் விட்டிருக்கும். அப்போது அது பொதுப் பகுதியைச் சேர்ந்தது. முதல் வகையில், பந்து கிடைக்காவிட்டாலும் அது அங்கேதான் சென்றது என்பது உறுதியாகவோ, விதிப்புத்தகத்தின் சொற்படி குறைந்தது 95 சதவீதம் நிச்சயமாகவோ இருந்தால், ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்குடன் (ஸ்கோரில் கூடும் ஓர் அடியுடன்), பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் செல்லாமல், புதிய பந்தைப் போடலாம். இரண்டாவது வகையில் மூன்று நிமிடத் தேடலுக்குள் பந்து கிடைக்காவிட்டால், முந்தைய இடத்துக்கே திரும்பிச் சென்று அடிக்க வேண்டும். ஆகவே சந்தேகம் எழுந்தவுடன், முறையாக அறிவித்துவிட்டுத் முதல் பந்து கிடைக்காவிட்டால் பயன்படும் தற்காலிகப் பந்து ஒன்றை அடிப்பது அவசியம். பந்து பெனால்டி ஏரியாவைத் தவிர வேறெங்கும் தொலைந்திருக்க முடியாது என்றால், தற்காலிகப் பந்துக்கே அனுமதி கிடையாது. ஸ்கோர்கார்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உள்ளூர் விதிகளைப் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலோர் அதைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

மணலைக் கண்டவுடன் பங்கர் என்று முடிவு செய்வதும் தவறு. பங்கர் என்பது மைதானத்தில் தடையாக இருக்கவெனத் தயாரிக்கப்பட்ட மணல் பரப்பு மட்டுமே. பாலையின் இயல்பான மணலில் மட்டையைத் தரையில் மெல்ல ஊன்றலாம், மணலைத் தொட்டு ஒத்திகை வீச்சும் செய்யலாம். ஆனால் பந்தின் பின்புறத்தை அழுத்திச் சமன் செய்யவோ, வீச்சுக்கு இடைஞ்சலான கிளையை ஒடிக்கவோ கூடாது. பெயர்ந்து கிடக்கும் கல்லைப் பந்து அசையாமல் அகற்றலாம். அதன் பருமனுக்கு வரம்பில்லை. 1999 ஃபீனிக்ஸ் ஓப்பனில் டைகர் வுட்ஸின் பந்துக்கு முன்னால் கிடந்த பெரும்பாறையைப் பார்வையாளர்கள் கூடித் தள்ளியதும் இந்த விதியின்படிதான். மண்ணில் இறுகப் பதிந்த கல்லுக்கு இது பொருந்தாது.

கள்ளி விஷயத்தில் இரட்டைத் தவறு நேர்கிறது. பாம்போ தேனீக்களோ பந்தின் அருகில் இருந்தால் ஆபத்தான உயிரினத்துக்கான இலவச நிவாரணம் (தண்டனையின்றிப் பந்தை வேறிடத்தில் போடும் சலுகை) உண்டு. அதே சலுகை முள்ளுக்கும் உண்டு என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கள்ளிக்குள் நின்று அடிக்க வேண்டியிருந்தால் உங்கள் உடலைத் துண்டால் சுற்றிக்கொள்ளலாம்; அந்தத் துண்டைக் கள்ளியின் மீது போர்த்தினால் விதிமீறல். எப்படியும் அங்கே நின்று அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோயா (cholla) வகைக் கள்ளியின் கணுக்கள் லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும், முட்களின் நுனியில் கொக்கி போன்ற அமைப்பு இருப்பதால் கையால் இழுத்தால் விரலிலும் குத்தும். சீப்பு ஒன்றைப் பையில் வைத்திருந்து, அதன் பற்களைக் கணுவுக்கு அடியில் செலுத்தி நெம்புவதே பழகியவர்களின் வழி. ஒரு ஸ்ட்ரோக்கை இழந்து, பந்தை ஆட முடியாதது என்று அறிவிப்பது மலிவான தீர்வு. கற்களின் மீதிருந்து அடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதற்கென ஒரு பழைய அயர்னை (உலோகத் தலை கொண்ட மட்டையை) எடுத்துச் செல்கிறார்கள், ஏனெனில் ஒரே அடியில் புதிய மட்டையின் அடிப்பகுதி கீறிப்போகும். பந்தைத் தேடும்போது புதருக்குள்ளோ பாறை இடுக்கிலோ கையை விடக் கூடாது. வெப்பமான மாதங்களில் அவை கிலுகிலுப்பைப் பாம்புகள் ஒதுங்கும் இடங்கள்.

முன்பதிவு செய்யும்போது புல் விதைப்புக் காலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசோனாவில் பெர்முடா புல்லின் மீது குளிர்காலத்துக்கான ரை புல்லை விதைப்பது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடப்பதால், மைதானம் சில வாரங்கள் மூடப்படும். திறந்தபின்னும் சிறிது காலம் வண்டியைப் புல்லின் மீது ஓட்ட விடமாட்டார்கள்.

கோடையில் அங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் இழக்கும் நீரின் அளவு தெரிவதில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் முதல் டீயிலிருந்தே குடிக்க வேண்டும். பல மைதானங்களில் பாசனத்துக்குச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் பயன்படுவதால், தெளிப்பான் நீரைக் குடிப்பதோ முகத்தில் தெளித்துக்கொள்வதோ கூடாது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை நீடிக்கும் பருவமழைக் காலத்தில் பிற்பகலில் இடிமழை விரைவாகத் திரளும். மறைவிடமற்ற வெளியில் மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதினால், சங்கொலிக்காகக் காத்திராமல் தாமாகவே ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள விதி 5.7 ஆட்டக்காரருக்கு உரிமை தருகிறது.