அரசின் புத்தொழில் உதவியைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தொழில் தொடங்குவோரில் பலர், அரசு என்பது ஒரே அலுவலகம் என்றும், அங்கே ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டால் சான்றிதழ், நிதி, வரிச் சலுகை எல்லாம் வரிசையாக வந்து சேரும் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை ‘புத்தொழில்’ (ஸ்டார்ட்அப்) என்ற அங்கீகாரத்தைத் தருகிறது. வரிவிலக்குக்கான தகுதியை அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியம் தீர்மானிக்கிறது. உயிரித் தொழில்நுட்பத்துக்கு 2012இல் தொடங்கப்பட்ட பைராக் என்னும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் ஒரு பணியையும், தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் வேறொரு பணியையும் செய்கின்றன. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் போவதால் பல விண்ணப்பங்கள் வீணாகக்கூடும்.

அங்கீகாரச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று நம்புவது மிகப் பரவலான தவறு. 80-ஐஏசி எனத் துறையினர் குறிப்பிடும் விலக்குக்குத் தனியாக விண்ணப்பித்து மேற்சொன்ன வாரியத்தின் சான்று பெற வேண்டும். பதிவு செய்யப்பட்ட கூட்டாண்மை நிறுவனம் அங்கீகாரம் பெறலாமே தவிர, இந்த விலக்கைப் பெற முடியாது. அது பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைகளான எல்எல்பிகளுக்கும் மட்டுமே உரியது. தனிநபர் உரிமையில் நடக்கும் தொழிலுக்கோ அங்கீகாரமே கிடையாது. விலக்கை முதல் பத்து ஆண்டுகளில் தொடர்ச்சியான ஏதேனும் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதால், லாபமே வராத தொடக்க ஆண்டுகளில் அதைச் செலவழித்துவிடுவது அறியாமை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவையும் இந்த அங்கீகாரத்தையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணம், படிவம் நிரப்பிய கூலியே அன்றி அரசுக்குச் செல்வதன்று.

சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி நிர்வகிக்கும் 10,000 கோடி ரூபாய் நிதியத்தைப் பற்றிச் செய்தியில் படித்துவிட்டு, நேரே அந்த வங்கிக்கே திட்ட அறிக்கையை அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அந்த நிதியம் எந்தப் புத்தொழிலிலும் நேரடியாக முதலீடு செய்வதில்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற, முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் மாற்று முதலீட்டு நிதியங்களுக்கு அது பணம் தருகிறது; அவைதாம் நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆகவே அணுக வேண்டியது அந்த நிதியங்களைத்தான்.

தொழிலின் தொடக்க நிலைக்கான விதை நிதியில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது; திருத்திக்கொள்ளவும் கடினமானது. 2021-22 முதல் நான்கு ஆண்டுகளுக்கென 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் அறிவிக்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் பணம், இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர்காப்பகங்கள் வழியாகவே வழங்கப்படுவது. கருத்தாக்கத்தைச் சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை மானியமாகவும், சந்தைக்குக் கொண்டுசெல்ல 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாற்றத்தக்க பத்திரமாகவோ தர அதன் விதிகள் இடமளித்தன. ஆனால் விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பதும், மத்திய, மாநில அரசுகளின் வேறு திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி பெற்றிருக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளன. கல்லூரியிலேயே ஆர்வத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டு, மாதிரியை உருவாக்கவே இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்பவர் முதல் விதியில் மாட்டுகிறார். கிடைத்த உதவியையெல்லாம் வரிசை பாராமல் வாங்கிக்கொள்பவர் இரண்டாவதில் மாட்டுகிறார். போட்டிகளில் வென்ற பரிசுத்தொகையும் ஆய்வகப் பயன்பாடும் இந்த 10 லட்சக் கணக்கில் சேரா என்பதை அறியாமல், தகுதியிருந்தும் ஒதுங்கிக்கொண்டவர்களும் இருக்கக்கூடும். இத்தகைய திட்டங்களுக்கு ஆயுட்காலம் உண்டு என்பதால், எதை நம்பியும் ஆண்டுத் திட்டம் போடுவதற்கு முன் அது இன்றும் விண்ணப்பம் ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாநில அளவில், அரசு கொடுப்பது எல்லாமே மானியம் என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஸ்டார்ட்அப் டிஎன் வழங்கும் டான்சீட் என்னும் விதை நிதிக்கு ஈடாக நிறுவனத்தின் பங்கில் ஒரு சிறு பகுதி பெறப்படுகிறது. கையெழுத்திடும் நாளில் இது தெரியவந்து திகைப்பதால் பயனில்லை. மாறாக, புதிய தொழில் முனைவோருக்கான நீட்ஸ் என்னும் மாநிலத் திட்டத்தில் 25 விழுக்காடு முதலீட்டு மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டென்றாலும், அது வங்கிக் கடனோடு பிணைந்தது. கடன் ஒப்புதலாகாதவருக்கு மானியமும் இல்லை. சந்தையில் இன்னும் சோதிக்கப்படாத ஒரு கருவியை அந்த வழியில் கொண்டுசெல்வதைவிட, கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே 2 லட்சம், 5 லட்சம் என இரு நிலைகளில் அமைந்த புத்தாக்க வவுச்சர் திட்டத்தை நாடுவது பொருத்தமாக இருக்கும்.

காப்புரிமையில் செய்யும் பிழையைத்தான் எந்த அரசு நிறுவனத்தாலும் சரிசெய்ய இயலாது. அங்கீகாரம் பெற்ற புத்தொழில்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் 80 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பின் இயக்கத்தைப் பொதுமேடையில் விளக்கிவிட்டால் அதன் புதுமைத்தன்மை கேள்விக்குள்ளாகிவிடும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு கண்காட்சிக்குச் சலுகை தருகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அதிலுள்ள 12 மாத அவகாசம் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு உரியது. ஊருக்கு ஊர் நடக்கும் ஹேக்கத்தான்களுக்கும் முதலீட்டாளர் சந்திப்புகளுக்கும் தானாகப் பொருந்தாது. மேடையேறும் முன், கண்டுபிடிப்பைப் பற்றிய தொடக்க விளக்கமான தற்காலிக விவரக்குறிப்புடன் ஒரு விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டால், முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கிறது.