நிலவறையில் சேரும் ரேடானை வெளியேற்றும் முறை

கிருஷ்ணகிரியைப் போலக் கருங்கல் பாறை மிகுந்த நிலத்தில் நிலவறையுடன் வீடு கட்டியவர்கள், பாறையிலுள்ள யுரேனியம் சிதைந்து பிறக்கும் ரேடான் என்னும் கதிரியக்க வாயு, நிறமும் மணமும் இன்றித் தரை விரிசல் வழியே நுழைந்து நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும். முதலில் அளந்து பாருங்கள். கனமீட்டர் காற்றுக்கு 100 பெக்கரலுக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அளவு மிகுந்தால், கான்கிரீட் தரையைத் துளையிட்டு, அடியிலுள்ள மண்ணை ஒரு வாளி அளவுக்கு அள்ளி, அக்குழியின் மேல் 4 அங்குல பிவிசி குழாயைப் பொருத்தி, சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்து, அதை மொட்டைமாடிக்கு மேல், ஜன்னல்களிலிருந்து விலகி முடியுமாறு கொண்டுசெல்ல வேண்டும். அடிமண்ணின் வாயுவை இக்குழாய் வழியே இழுக்க இடைவிடாது ஓடும் உறிஞ்சு விசிறியை நிலவறைக்குள் வைக்கவே கூடாது. இணைப்பு கசிந்தால் வாயு வீட்டுக்குள்ளேயே பரவும் என்பதால் அதற்குரிய இடம் மொட்டைமாடிதான். விரிசல்களை அடைப்பதும் அவசியமே, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். விசிறி ஓடத் தொடங்கிய மறுநாளுக்குப் பின் மீண்டும் அளவெடுங்கள்.